அதிக உணர்திறன் நோயல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சட்டைக் கழுத்தில் உள்ள லேபிள் உறுத்துகிறது என்று அழும் பிள்ளையைத் தொட்டாற்சிணுங்கி என்று அதட்டுவது வழக்கமாகிவிட்டது. அதட்டினால் உறுத்தல் போகாது. தையலைப் பிரித்து லேபிளை எடுத்துவிட்டால் போய்விடும்.

உளவியலாளர்கள் எலைன் ஏரன், ஆர்தர் ஏரன் தம்பதி 1997-இல் 27 கேள்விகள் கொண்ட அளவுகோலோடு விளக்கிய ‘அதிக உணர்திறன்’ என்னும் இந்த இயல்பு, மனநோய்ப் பட்டியலில் இல்லை. கூச்சமும் இதுவும் ஒன்றல்ல. கலகலப்பாகப் பழகுகிறவர்களிடமும் இது உண்டு. இந்த இயல்புள்ளவர்கள் ஒலி, ஒளி, வாசனை, எதிரில் இருப்பவரின் முகவாட்டம் என எல்லாவற்றையும் கூர்ந்து கவனித்து, ஆழமாக அசைபோடுகிறார்கள். அதனாலேயே சீக்கிரம் களைத்துப்போகிறார்கள்.

இவர்களில் தனியே பிழையின்றிக் கணக்கு முடிப்பவர், மேலாளர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றதும் தடுமாறுவார். திறமைக் குறைவல்ல, கவனம் இரண்டாகப் பிரிகிறது. வேலையைக் கொடுத்துவிட்டு நகருங்கள், முடிந்தபின் பாருங்கள். மூன்று வேலைகளை ஒரே மூச்சில் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். திட்டம் மாறினால் முன்கூட்டியே தெரிவியுங்கள். கூட்டமான நிகழ்ச்சியிலிருந்து திரும்பியவரை 20 நிமிடமாவது போனும் பேச்சும் இல்லாமல் விடுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்: வந்ததும் வராததுமாகக் கேள்விகளை அடுக்கினால் எரிச்சல் வெடிக்கும்.

அதற்காக எல்லாவற்றிலிருந்தும் ஒதுக்கி வைப்பதும் தவறு. தவிர்க்கத் தவிர்க்கப் பயம்தான் வளரும். விழாவுக்குப் பிள்ளையைச் சற்று முன்னதாகவே அழைத்துச் செல்லுங்கள். இடம் பழகிய பிறகு ஆட்கள் வரட்டும். தூக்கமின்மையோ பதற்றமோ வாரக்கணக்கில் நீடித்தால், இயல்புதானே என்று விடாமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
மனநல ஆலோசகர்கள் சிலர்