நான்கு நோட்டும் ஒரு காலண்டரும்: கண்மாய்க் கரைக்காரர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை டீக்கடை பெஞ்சில் வைத்துப் புத்தகத்தைக் கொடுத்தபோது நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "எல்லாருக்கும் நன்றி" என்று முடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு மனசு கேட்கவில்லை. அச்சகத்தில் டி.டி.பி. வேலை பார்ப்பவனுக்குப் பேச வராவிட்டாலும் டைப் அடிக்கவாவது வரும் இல்லையா, அதனால் இந்த மடல்.

விவரம் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. மதுரையின் ஓரத்தில், ரிங் ரோட்டை ஒட்டி இருக்கும் ஒரு கண்மாயில் ஐந்து வருடமாக என்னென்ன வருகிறது, எது கூடு கட்டுகிறது, எது செத்துப்போகிறது என்று நான்கு நோட்டில் எழுதிவந்ததைச் சின்னப் புத்தகமாகப் போட்டிருக்கிறோம். கரையைச் சுற்றி இருப்பவர்களுக்கு மட்டும்தான் அது. அதில் கண்மாயின் பெயர் உண்டு, இங்கே இல்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். ஆட்களின் பெயரும் இல்லை. "பேரெல்லாம் வேணாம்ப்பா" என்று சொன்னது நீங்கள்தான்.

முதலில் டீக்கடை அண்ணன். நான் வாரத்துக்கு ஒருநாள் பைனாகுலரோடு வருகிறவன். அண்ணன் தினமும் விடியுமுன் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்தபடியே நிற்கிறவர். நான் இல்லாத நாட்களில் பார்த்ததைத் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கம்பியில் குத்திவைப்பார். ஒருநாள் தாளில் "அகப்பைவாயன் 2, கலுங்குப் பக்கம்" என்று இருந்தது. என்னைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்துவிட்டேன். மூன்று நாள் கழித்து நானே பார்த்தேன், கரண்டிவாயன். தட்டையான அலகைத் தண்ணீருக்குள் விட்டு இடமும் வலமும் அலசிக்கொண்டே நடந்துபோனது. புத்தகத்தில் இரண்டு பெயரையும் போட்டிருக்கிறேன். என்னைக் கேட்டால் கரண்டியைவிட அகப்பைதான் சரியான பெயர்.

ஆட்டுக்கார ஆத்தாவுக்கு நான் பட்ட கடன் இன்னும் பெரியது. ஆட்காட்டிக்குருவி கூடு என்று எதையும் கட்டாது. வெறும் தரையில், சரளைக்கல்லுக்கு நடுவே, கல் நிறத்திலேயே நாலு முட்டை இட்டுவிடும். பக்கத்தில் போனால் தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தும். அது கத்துகிற இடத்திலேயே நான் இரண்டு கோடை தேடினேன். ஆத்தா சிரித்துவிட்டு, "அது கத்துற இடத்துல என்னத்த இருக்கும்? சத்தம் போடாம எந்திரிச்சு நடந்து போகும் பாரு, அங்கிட்டுத் தேடு" என்றார். அடுத்த வாரமே முட்டையைப் பார்த்துவிட்டேன். அந்த இடத்தைச் சுற்றி நாலு கல்லை அடையாளம் வைத்து, இருபத்தைந்து நாளுக்கும் மேல் ஆடுகளை அந்தப் பக்கம் விடாமல் ஓட்டிப்போனார் அவர்.

அந்த நாலு கல்தான் அடுத்த கதைக்கும் காரணம். கோடையில் வண்டல் அள்ள ஜேசிபி வந்தபோது, டிரைவர் தம்பி கல்லைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தி இது என்ன என்று கேட்டார். முட்டை என்றதும் அந்த இடத்தைத் தொடாமல் சுற்றி வெட்டினார். அவருக்கு மணிக்கணக்கில் வாடகை ஓடுகிற வண்டி. அன்றைக்கு ஓனரிடம் என்ன பேச்சு வாங்கினார் என்று எனக்குத் தெரியும். அப்படி மிஞ்சிய திட்டில்தான் மறுவருடம் நெடுங்கால் உள்ளான் முட்டையிட்டது.

இங்கே கொஞ்சம் நின்று ஒன்று சொல்லவேண்டும். தூர்வாருவது நல்ல காரியம், தண்ணீர் நிற்கும், கிணறு ஊறும். ஆனால் கண்மாயைச் சோற்றுச்சட்டி மாதிரி ஒரே ஆழமாகத் தோண்டி, சுற்றிலும் கல் பதித்து நடைபாதை போட்டுவிட்டால் முக்குளிப்பானும் நீர்க்காகமும் மட்டும்தான் மிஞ்சும். செப்டம்பரில் வடக்கே இருந்து வரும் பொரி உள்ளான் போன்றவற்றுக்கு நீந்தி இரை தேடும் பழக்கம் இல்லை. கணுக்கால் அளவு தண்ணீரும் சேறும் வேண்டும். பழைய ஆட்கள் வெட்டிய கண்மாய் கரைப்பக்கம் ஆழமாகவும், தண்ணீர் வந்து சேரும் உள்வாய்ப் பக்கம் போகப்போக மேடாகவும் இருக்கும். தண்ணீர் வற்ற வற்ற உள்வாயில் தினமும் புதுச் சேறு வெளியே வரும். இதை எனக்கு விளக்கியது எந்த நிபுணரும் இல்லை, மடை திறந்த காலத்தைப் பார்த்த நீர்பாய்ச்சி தாத்தா. அவர் பாய்ச்சிய வயலெல்லாம் இப்போது பிளாட். தாத்தா சொன்னதை அப்படியே ஒரு மனுவாக டைப் செய்து கொடுத்தோம். உள்வாயில் ஒரு பகுதியை ஆழப்படுத்தாமல் விட்டார்கள். மனுவை முழுசாகப் படித்த அதிகாரிக்கும் நன்றி. அவருக்கு முன்னால் இரண்டு பேர் படிக்கவில்லை.

மீன் குத்தகைக்காரர் அண்ணாச்சியோடு முதலில் சண்டைதான். பறவையை விரட்ட அவர் வெடி போடுவார். நான் போய்ப் பேசினால், "நீர்க்காகம் என் குஞ்சை முழுங்குது, நஷ்டத்தை நீ குடுப்பியா?" என்பார். அது நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. வழி சொன்னது டீக்கடை அண்ணி. அவருக்குப் பிறந்த ஊர் சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டிப் பக்கம். அங்கே வேட்டங்குடிக் கண்மாய்கள் 1977லிருந்து பறவைகள் சரணாலயம். பறவை மிரளும் என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. "எங்க ஊர்ல பிள்ளைகளே வெடி கேக்காதுங்க, நீங்க இம்புட்டுப் பெரிய ஆளு" என்று அண்ணி ஒரே போடு போட்டார். இப்போது மீன்குஞ்சு விடுகிற மூலையில் மட்டும் வலை கட்டியிருக்கிறார் அண்ணாச்சி, வெடி இல்லை. நத்தைகுத்தி நாரை தின்று போட்ட நத்தை ஓடுகளைக் காட்டியதிலிருந்து, "அது நம்ம ஆளு" என்று வருகிறவர்களிடம் அறிமுகப்படுத்துகிறார். நீர்க்காகத்தை மட்டும் அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

உயிரோடு இருப்பவற்றின் கணக்கு நோட்டில் இருக்கிறது. செத்தவற்றின் கணக்கு முழுக்கத் தூய்மைப் பணியாளர் அக்காவின் போனில். ரிங் ரோட்டில் அடிபட்டுக் கிடப்பதை அள்ளிப் போடுமுன் ஒரு படம் எடுத்து அனுப்புவார். சாரை, தண்ணீர்ப்பாம்பு, மரநாய், கீரி. ஒருநாள் காலை ஐந்தரைக்கு வந்த படத்தில் முள்ளெலி. அந்தப் பக்கம் முள்ளெலி உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. அக்காவுக்குத் தெரிந்திருந்தது. கக்குவான் இருமலுக்கு அதன் முள்ளைத் தேடி அலைகிறவர்களை அவர் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். படங்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தபோது மழை பெய்த மறுநாள் காலையில்தான் பாம்புச் சாவு அதிகம் என்று தெரிந்தது. தவளை ரோட்டுக்கு வருகிறது, பின்னாலேயே பாம்பும் வருகிறது. இந்த அத்தியாயத்துக்கு அக்காவின் பெயரைப் போடவேண்டும் என்று எவ்வளவோ கெஞ்சினேன். "செத்ததுக்கெல்லாம் என் பேரா?" என்று மறுத்துவிட்டார்.

இனி நன்றியோடு மன்னிப்பும் கேட்கவேண்டிய இடம். கரையோர மண்டபத்தில் கூகை குஞ்சு பொரித்திருந்ததை எனக்குக் காட்டியவர் மண்டபத்துக் காவல்காரப் பெரியவர். "யார்ட்டயும் சொல்லாத தம்பி" என்றும் சொன்னார். நான் படத்தோடு, இடத்தின் பெயரோடு போனில் போட்டுவிட்டேன். ஊர் பெருமைப்படும் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு எட்டுப் பத்து பைக்குகள் வந்தன. ஃப்ளாஷ் அடித்தார்கள். பறக்கிற படம் வேண்டும் என்று கல் எறிந்தார்கள். பெரியவர் கம்பை எடுத்துக்கொண்டு தனியாளாக நின்றிருக்கிறார், நான் அன்று ஊரில் இல்லை. தாய்ப்பறவை திரும்பவில்லை. கண்மாய்ப் பெயரை வெளியே சொல்லாததன் காரணம் இதுதான். பெரியவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுவருடம் வேறொரு பொந்தைக் காட்டவும் செய்தார். எனக்கு அது இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பொங்கல் விடுமுறையில் தூக்கத்தை விட்டுவிட்டு வந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நன்றி. தமிழ்நாடு முழுக்க 2015லிருந்து நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் எங்கள் கண்மாயும் சேர்ந்தது அவர்களால்தான். என் கிறுக்கல் கையெழுத்தைப் படித்து, பறவைக் கணக்கைப் பதிவுசெய்கிற இ-பேர்ட் செயலியில் ஏற்றியதும் அவர்களே. மாஞ்சா நூலில் சிக்கித் தொங்கிய வக்காவை ஏணி போட்டு இறக்கிய தீயணைப்பு வீரர்களையும் மறக்கவில்லை.

இன்னும் ஒரு கூட்டத்தார் பாக்கி, நம் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிக்காரர்கள். "இதை எழுதி வச்சு என்ன ஆகப்போகுது?" என்று வீட்டில் கேட்கும்போதெல்லாம் நான் அந்த ஊரைத்தான் காட்டுவேன். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 250 வகைப் பறவைகள் உண்டு என்று அப்போது சொல்ல முடிந்தது. அதற்கு முன்னால் யாராவது வெயிலில் நின்று எண்ணியிருக்கவேண்டும் அல்லவா? பிறகு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனபோது ஊர் ஊராக எழுந்து நின்று, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாகும்வரை அவர்கள் ஓயவில்லை. அவர்களில் சிலர் நம் கரைக்கும் வந்து டீ குடித்துப் போனார்கள். அண்ணன் காசு வாங்கவில்லை.

கடைசியாக ஒரு பிழை திருத்தம். 31ஆம் பக்கத்தில் வக்கா படத்துக்குக் கீழே மடையான் என்றும், மடையான் படத்துக்குக் கீழே வக்கா என்றும் அச்சாகிவிட்டது. பிழை என்னுடையது. எழுத்துக் கூட்டிப் படிக்காத ஆத்தா பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டு அங்கேயே பிடித்துவிட்டார். மீதிப் பிரதிகளில் பேனாவால் திருத்தி டீக்கடையில் வைத்திருக்கிறேன். கையில் இருப்பதைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளுங்கள். அண்ணே, புதுக் காலண்டருக்குப் பென்சில் கட்டிவிட்டேன். பேனா வேண்டாம், மழைச் சாரலில் மை ஊறிவிடுகிறது.

அன்புடன்,
குருவி எண்ணுற தம்பி