கோழிக் கொட்டகையில் ஒளிந்த பிள்ளை: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அவசரத்தில் பாதிப் பதில்தான் சொன்னேன். "அஞ்சு வயசுப் பிள்ளைக்கு வாழ்க்கை வரலாறெல்லாம் புரியுமாக்கா?" என்றாய். புரியும். எந்தப் புத்தகம், அதை எப்படிப் படித்துக் காட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதை நிதானமாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதே கேள்வியோடு இருக்கும் இன்னும் நாலு அம்மாக்களுக்கும் உதவட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

பேச்சுப் போட்டியில் எனக்குக் கொடுத்த பரிசுப் புத்தகம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? முதல் பத்தியிலேயே பிறந்த தேதி, ஊர், தாய் தந்தை பெயர். அடுத்த வரி, "சிறு வயதிலிருந்தே படிப்பில் சிறந்து விளங்கினார்." மூன்றாம் பக்கத்தில் பட்டம், ஐந்தாம் பக்கத்தில் விருது, கடைசிப் பக்கத்தில் மறைவு. படித்து முடித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இவர்கள் பிறக்கும்போதே பெரியவர்களாகப் பிறந்தவர்கள், நமக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த எண்ணம் போக எனக்கு ரொம்ப வருஷம் ஆனது. உன் மகளுக்கு அது வரவே கூடாது என்று நினைக்கிறேன்.

முதலில் ஜேன் குடால். காட்டிலேயே தங்கி சிம்பன்சிகளைக் கவனித்து உலகத்துக்குச் சொன்னவர். 2025 அக்டோபரில் 91 வயதில் காலமானார். அவரைப் பற்றி பாட்ரிக் மெக்டானல் எழுதி, படமும் வரைந்த 'மீ... ஜேன்' 2011இல் வந்தது. பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான். ஜேனிடம் ஜூபிலி என்று ஒரு பொம்மைச் சிம்பன்சி இருக்கிறது. போகிற இடமெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு போகிறாள். மரத்தில் ஏறி உட்கார்ந்து புத்தகம் படிக்கிறாள். ஒரு நாள், முட்டை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஜூபிலியோடு கோழிக் கொட்டகைக்குள் ஒளிந்துகொண்டு அசையாமல் காத்திருக்கிறாள். கதைக்குள் விருது, பட்டம் என்ற பேச்சே இல்லை. கடைசியில் வரைந்த படங்கள் நின்று ஒரு நிஜமான புகைப்படம் வரும். வளர்ந்த ஜேன் ஒரு குட்டிச் சிம்பன்சியை நோக்கிக் கையை நீட்டுகிறார், அதுவும் அவரை நோக்கிக் கையை நீட்டுகிறது.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிறேன் இல்லையா, அதில் ஒரு பையன் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இது அந்தப் பொம்மையா, நிசமா?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் அவனே முன்பக்கத்துக்குத் திருப்பிப் பொம்மையைப் பார்த்தான், திரும்பவும் புகைப்படத்துக்கு வந்தான். மூன்று தடவை இப்படி. அப்புறம் "ஓ" என்று மட்டும் சொன்னான். அந்த "ஓ"வுக்கு மேல் நான் என்ன விளக்குவது? பேசாமல் இருந்துவிட்டேன்.

அந்தக் கோழிக் கொட்டகைச் சம்பவத்தின் மறுபாதியை ஜேனே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு நாலரை வயது இருக்கும். மணிக்கணக்கில் பிள்ளையைக் காணாமல் வீடே தவித்துப்போய், போலீஸ் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. உடம்பெல்லாம் வைக்கோலோடு ஓடிவந்த பிள்ளையை அவர் அம்மா அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அந்தக் கண்ணில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, பக்கத்தில் உட்காரவைத்து, கோழி எப்படி முட்டையிட்டது என்று முழுக்கதையும் கேட்டிருக்கிறார். பிறகு 1960இல், 26 வயதில் ஜேன் ஆப்பிரிக்காவில் கோம்பே காட்டுக்குப் போகும்போது, தனியாக ஒரு பெண்ணை அனுப்ப முடியாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். துணைக்குக் கூடாரத்தில் வந்து தங்கியது யார் தெரியுமா? அதே அம்மாதான்.

இந்தப் புத்தகங்களைப் படிக்கப் படிக்க எனக்குத் தெரிந்தது இதுதான். ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் வீட்டில் யாரோ ஒருவர் தடுக்காமல் இருந்திருக்கிறார். பிள்ளைகளுக்கு அது கண்ணில் படாமல் போகலாம். படித்துக் காட்டுகிற நமக்குப் படவேண்டும்.

வில்சன் பென்ட்லியை எடுத்துக்கொள். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற ஊரில் 1865இல் பிறந்த விவசாயி வீட்டுப் பையன். பனித்துகள் என்றால் அவனுக்கு உயிர். 15 வயதில் அம்மா ஒரு பழைய மைக்ரோஸ்கோப்பைக் கொடுக்கிறார். பனித்துகளை அதில் வைத்துப் பார்த்துப் பார்த்து வரைகிறான். வரைந்து முடிப்பதற்குள் உருகிவிடுகிறது. பனியோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை என்றுதான் அப்பா நினைக்கிறார். ஆனாலும் சேமிப்பை எல்லாம் போட்டு மைக்ரோஸ்கோப்போடு சேர்ந்த கேமராவை வாங்கிக் கொடுக்கிறார்கள். அதன் விலை அவர்கள் வீட்டுப் பத்து மாடுகளின் விலை! வாங்கிய பிறகும் முதல் குளிர்காலம் முழுக்கத் தோல்வி. 1885 ஜனவரி 15 அன்றுதான் முதல் படம் சரியாக விழுந்தது. அப்புறம் வாழ்நாளில் ஐயாயிரத்துக்கும் மேல் எடுத்தார். இதை ஜாக்குலின் பிரிக்ஸ் மார்ட்டின் எழுத, மேரி அசேரியன் மரத்தில் செதுக்கி அச்செடுத்த படங்களோடு வந்த 'ஸ்னோஃப்ளேக் பென்ட்லி'க்கு, அமெரிக்காவில் சிறந்த படப் புத்தகத்துக்குத் தருகிற கால்டெகாட் பதக்கம் 1999இல் கிடைத்தது. நடுவில் கதை, ஓரத்தில் தகவல்கள். சின்னவளுக்குக் கதையை மட்டும் படி, ஓரத்தில் இருப்பதைப் பெரியவன் தானே படித்துக்கொள்வான்.

"நம்ம ஊர்ல பனியே கொட்டாதே, இது எதுக்கு" என்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். படித்து முடித்ததும் ஒரு பெண் குழந்தை, "ஆன்ட்டி, நம்ம எதைப் பார்க்கலாம்?" என்றாள். சட்டென்று சமையலறையிலிருந்து கல் உப்பு கொஞ்சம் கொண்டுவந்து கறுப்புத் துணியில் தூவி, லென்ஸைக் கையில் கொடுத்தேன். சில கற்கள் உடைந்திருந்தன, சில அழுக்காக இருந்தன. ஒன்று மட்டும் வெட்டிவைத்த மாதிரி கனசதுரமாக, ஓரம் கூர்மையாக மின்னியது. அரை மணி நேரம் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி அவள் அம்மா போன் செய்து, "சாம்பாருக்கு உப்புப் போட விடமாட்டேங்கறா, ஒவ்வொரு கல்லா பார்க்கணுமாம்" என்றார்.

நம் பக்கத்துப் பிள்ளை வேண்டுமென்றால் விஞ்ஞானி அன்னா மணி. 1918இல் இன்றைய கேரளத்தில் இருக்கும் பீர்மேட்டில் பிறந்தவர். அந்த வீட்டில் பெண்பிள்ளைகளுக்கு எட்டாம் பிறந்தநாளுக்கு வைரத்தோடு போடுவது வழக்கம். அவர் தோடு வேண்டாம், என்சைக்ளோபீடியா வேண்டும் என்றார். அப்புறம் சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்து, பெங்களூரில் சி.வி.ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்து எதை ஆராய்ச்சி செய்தார் தெரியுமா? வைரத்தை! காதில் போட மறுத்ததை மணிக்கணக்கில் கருவியில் வைத்துப் பார்த்தார். எம்.எஸ்சி. இல்லை என்று முனைவர் பட்டம் தரவில்லை. அதற்காக நிற்காமல் வானிலைத் துறைக்குப் போய், நம் நாட்டுக்கான வானிலைக் கருவிகளை இங்கேயே செய்ய வழிசெய்தார். நந்திதா ஜெயராஜ் எழுதி பிரியா குரியன் படம் வரைந்த புத்தகம் ஒன்று இவரைப் பற்றி இருக்கிறது. பிரதம் புக்ஸ் வெளியிட்டது, ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். காசு இல்லாத மாதக் கடைசிக்கு ஆகும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். புத்தகத்தை மூடியதும் "நீயும் இந்த மாதிரி ஆகணும்" என்று சொல்லாதே. நம் வீட்டில் கலெக்டர் ஆகணும், கலெக்டர் ஆகணும் என்று எத்தனை தடவை கேட்டிருப்போம்! நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் அதைக் கேட்ட பிறகு எந்தக் கதையும் எனக்குக் கதையாக இருந்ததில்லை, வீட்டுப்பாடமாகத்தான் இருந்தது. குட்டி எந்தப் பக்கத்தில் நிற்கிறாளோ அந்தப் பக்கத்திலேயே நீயும் நில். திரும்பத் திரும்பக் கோழிப் பக்கத்தையே கேட்டால் அதையே படி. மீதிப் பக்கங்கள் எங்கேயும் போய்விடாது.

அம்மா வெள்ளிக்கிழமை அங்கே வரும்போது ஜேனையும் பென்ட்லியையும் பையில் வைத்து அனுப்புகிறேன், கூடவே ஒரு லென்ஸும். பென்சில் பாக்ஸில் நத்தை ஓடாகச் சேர்க்கிறாள், வீடெல்லாம் மண் என்று அலுத்துக்கொண்டாயே, அதில் ஒன்றைக்கூடத் தூக்கிப் போட்டுவிடாதே. பொங்கலுக்கு நான் வரும்போது அவளே எனக்கு எடுத்துக் காட்டட்டும்.

அன்புடன்,
அக்கா