வசந்திக்கு, குளிசையை நிறுத்துவது பற்றி

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்யாணம் பொருந்தி வந்த செய்தியை அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். மாப்பிள்ளை வீட்டார் எந்த ஊர், தகப்பன் என்ன செய்கிறார் என்று இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறா. அதையெல்லாம் விரிவாக எழுது.

ஆனால் கடைசிப் பக்கத்தில் நீ எழுதிய இரண்டு வரிகள்தான் மனதைப் போட்டு அரிக்கின்றன. எனக்குத் தைரொயிட் குளிசை நின்றதைக் கேள்விப்பட்டு நீயும் நிறுத்திவிட்டாயாம். இரண்டு கிழமை போயும் உடம்பில் ஒரு மாற்றமும் இல்லையாம். வசந்தி, தயவுசெய்து இந்தக் கடிதத்தை முழுவதும் படி.

எனக்கு வந்தது கிரேவ்ஸ் நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியைத் தூண்டித் தூண்டி அளவுக்கு மீறிச் சுரக்க வைத்துவிடும். வயிறாரச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போனேன். கைக்காப்பு முழங்கைவரை ஏறியது. இரவில் இடப்பக்கம் சரிந்து படுத்தால் நெஞ்சு அடிப்பது தலையணைக்குள் கேட்கும். கிளினிக்கில் வைத்தியர் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். அந்தத் தாள் நடுங்கிய நடுக்கத்தைப் பார்த்தபோதுதான் எனக்கே பயம் வந்தது.

கார்பிமசோல் தந்தார்கள். அது சுரப்பைக் கட்டுப்படுத்தும் மருந்து. காய்ச்சலோடு தொண்டை நோவு வந்தால் குளிசையை நிறுத்திவிட்டு உடனே வந்து இரத்தம் பார்க்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அரிதாகச் சிலருக்கு அந்த மருந்து வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடுமாம். வழக்கமாக இந்த மருந்தை 12 முதல் 18 மாதம் வரை கொடுப்பார்கள். எனக்கும் அப்படித்தான். படிப்படியாக அளவைக் குறைத்து, சுரப்பி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரி.எஸ்.எச். அளவு இரத்தத்தில் சரியாகி, நோயைத் தூண்டும் பிறபொருளெதிரியும் (அன்ரிபொடி) அடங்கிவிட்டதா என்று தனியாகப் பரிசோதித்த பிறகே வைத்தியர் நிறுத்தச் சொன்னார். நானாக ஒரு குளிசையைக்கூட விட்டதில்லை.

நிறுத்திய பிறகும் இது முடிந்த கதை இல்லை. இந்த மருந்தை எடுத்து நிறுத்துகிறவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய் திரும்பி வருகிறது. பெரும்பாலும் முதல் வருடத்திற்குள்ளேயே. நான் எந்தப் பாதியில் இருக்கிறேன் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. அந்த முதல் வருடத்தை நான் தாண்டிவிட்டேன், அது பெரிய ஆறுதல். ஆனாலும் காலையில் எழும்ப முன்னர் நாடியை எண்ணிப் பார்க்கிறேன், தவணை தவறாமல் இரத்தப் பரிசோதனைக்குப் போகிறேன். இங்கே பார்க்கிறவர்கள் எல்லோரும் என்ன மூலிகை, எந்தக் கோயில் நேர்த்தி என்று கேட்கிறார்கள். சரியான மருந்தைச் சரியான காலம்வரை எடுத்தேன், அதோடு கடவுள் கிருபையும் இருந்தது என்று மட்டுமே சொல்கிறேன். வேறு எதையாவது சொல்லி இன்னொருவர் தன் மருந்தைக் கைவிட்டால் அந்தப் பாவம் எனக்கு.

இனி உன் விஷயம். உனக்கு இருப்பது ஹஷிமோட்டோ என்று முன்பே எழுதியிருந்தாய். அதில் சுரப்பி கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்துபோகிறது. நீ எடுக்கும் லெவோதைரொக்சின், சுரப்பி தரவேண்டிய ஹோர்மோனையே வெளியிலிருந்து தருகிறது. அதை நிறுத்தினால் அந்த இடத்தை நிரப்ப வேறொன்றும் இல்லை. பிள்ளை பிறந்த பிறகு வரும் தைரொயிட் அழற்சி போன்ற சிலவற்றில் சுரப்பி தானாகத் தேறிவிடுவதுண்டு, ஆனால் உன் நிலை அது இல்லை. இத்தனை வருடமாக அளவைக் கூட்டிக்கூட்டித்தானே தந்திருக்கிறார்கள்?

இரண்டு கிழமையில் ஒன்றும் தெரியாததற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஹோர்மோன் இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு கிழமை எடுக்கும். முன்பு எடுத்த மருந்துதான் இன்னும் உன்னைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. சோர்வும் மலச்சிக்கலும் குளிர் தாங்காமையும் மெல்ல மெல்லத்தான் வரும். கனடாக் குளிரில் அதை நீ காலநிலையின் குற்றம் என்றே நினைத்துக்கொள்வாய். கல்யாண வேலைக் களைப்பு என்று வீட்டில் சொல்வார்கள். அதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

அதனால் இன்றைக்கே உன் வைத்தியரை அழைத்து, நிறுத்தியதை ஒளிக்காமல் சொல். எந்த அளவில் திரும்பத் தொடங்குவது என்று கேள். தொடங்கியபின் ஆறு முதல் எட்டுக் கிழமையில் ரி.எஸ்.எச். பார்ப்பார்கள், அதைத் தள்ளிப்போடாதே. வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடு. கல்சியம், இரும்புச் சத்துக் குளிசைகளை அதிலிருந்து நாலு மணித்தியாலம் தள்ளி வைத்துக்கொள்.

இங்கே எல்லோரும் சுகம். இந்த முறை நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் போக வேண்டும் என்று ஆசை. நோயோடு இருந்த வருடம் வெயிலில் ஐந்து நிமிடம் நிற்க முடியாமல் தேரைப் பார்க்காமலே திரும்பி வந்தேன். கல்யாணத்துக்கு முன் நீ ஊருக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். கூறைச்சேலை எடுக்க நானும் கூட வருவேன்.

வைத்தியர் என்ன சொன்னார் என்று உடனே எழுது. கடிதம் வரத் தாமதமாகும், தொலைபேசியில் சொன்னாலும் சரி.

அன்புடன்,
சாந்தா