தொப்பூர் இறக்கத்துக்கு ஒரு எபிசோடு கொடுங்கள்

தமிழ்த் தொலைக்காட்சிகளில் கார், பைக் நிகழ்ச்சி தயாரிப்பவர்களுக்கும் தொகுத்து வழங்குபவர்களுக்கும்,

வணக்கம். கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்து வண்டிப் பிரியர்கள் சார்பில் இதை எழுதுகிறேன். எங்கள் கூட்டத்தில் ஓசூர் தொழிற்சாலைகளில் ஷிப்டு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், பைபாஸ் ஓரம் பட்டறை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், பாலிடெக்னிக் பையன்கள் இருக்கிறார்கள், லாரி டிரைவர்கள் நிறையவே இருக்கிறார்கள். உங்கள் நிகழ்ச்சிகளை விடாமல் பார்க்கிறவர்கள் நாங்கள். அந்த உரிமையில்தான் கேட்கிறோம்.

பிபிசியின் கார் நிகழ்ச்சியான 'டாப் கியர்' 2009 டிசம்பரில் பொலிவியா பயணத்தை ஒரு சிறப்பு எபிசோடாகப் போட்டதே, உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஜெரெமி கிளார்க்சன், ரிச்சர்ட் ஹேமண்ட், ஜேம்ஸ் மே மூன்று பேரும் ஒரு பழைய ரேஞ்ச் ரோவர், ஒரு லேண்ட் க்ரூசர், ஒரு சின்ன சுசுகி ஜீப் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு அமேசான் காட்டில் கிளம்பி, ஆண்டிஸ் மலை ஏறி, சிலி நாட்டுக் கடற்கரை வரை போவார்கள். வழியில் யுங்காஸ் சாலை வரும். உலகம் முழுக்க அதற்கு 'சாவுச் சாலை' என்றுதான் பெயர்.

எங்கள் ஆட்கள் இன்றைக்கும் அடித்துப் பேசிக்கொள்கிற எபிசோடு அது. கொஞ்ச நாள் முன்பு நண்பரின் பட்டறையில் மறுபடி போட்டுப் பார்த்தோம். எதிரே ஒரு வண்டி வர, ரேஞ்ச் ரோவர் விளிம்புக்கு ஒதுங்க, டயருக்குக் கீழே மண் சரிகிற இடத்தில் பையன்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் அண்ணன் ஒருவர் மட்டும் பொறுமை இழந்து கேட்டார்: "பள்ளத்தையே காட்டுறாங்களேப்பா, காலைக் காட்டச் சொல்லு. எந்த கியர்ல இறங்குறான்?"

அந்த ஒரு கேள்வியில் அன்றைக்கு விவாதமே திசை மாறிவிட்டது. யுங்காஸில் ஒரு வழக்கம் உண்டு. பொலிவியா முழுக்க வலது பக்கம் ஓட்டுவார்கள், அந்தச் சாலையில் மட்டும் இடது பக்கம். அங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம் இருப்பதால், இறங்குகிற வண்டியின் டிரைவர் பள்ளத்தை ஒட்டி உட்கார்ந்து, தன் வெளிச்சக்கரம் எங்கே நிற்கிறது என்று ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொள்ள முடியும். ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இதைச் சொன்னதும் எங்கள் டிரைவர்கள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "விவரம் தெரிஞ்சவன் போட்ட சட்டம்யா இது" என்றார் ஒருவர். சக்கரம் விளிம்பில் தொங்குகிற காட்சியைவிட இந்த வழக்கத்தைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினோம். ரசிகர்கள் என்றால் பரபரப்பு மட்டும்தான் கேட்பார்கள் என்று தயவுசெய்து முடிவு கட்டிவிடாதீர்கள்.

எங்களுக்கும் ஒரு இறக்கம் இருக்கிறது. ஸ்ரீநகரில் தொடங்கி கன்னியாகுமரியில் முடிகிற தேசிய நெடுஞ்சாலை 44, தருமபுரி மேட்டிலிருந்து சேலம் பக்கம் இறங்குகிற தொப்பூர் கணவாய். கட்டமேடு, இரட்டைப் பாலம் என்ற பெயர்களை விபத்துச் செய்தியில் கேட்டுக் கேட்டே தமிழ்நாட்டுக்குப் பழகிவிட்டது. 2024 ஜனவரியில் அங்கே லாரிகளுக்கு நடுவே கார் நசுங்கி நான்கு பேர் இறந்தார்கள். அந்த கேமரா பதிவை நாடு முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டார்கள், சில இடங்களில் பின்னணி இசையோடு. ஏன் நடந்தது என்று ஐந்து நிமிடம் உட்கார்ந்து விளக்கிய நிகழ்ச்சி எங்கள் கண்ணில் படவில்லை. அது செய்தி ஆட்களின் வேலை என்று நீங்கள் சொல்லலாம். இல்லை, அது உங்கள் வேலைதான். பிரேக்கைப் பற்றி உங்களைவிட யார் சொல்லப் போகிறார்கள்?

கணக்கைப் பாருங்கள். லோடோடு சேர்த்து 30 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்கினால், அதில் வெளிப்படுகிற ஆற்றல் சுமார் 8 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 1000 வாட் ஹீட்டரை எட்டு மணி நேரம் ஓடவிட்டால் வருகிற சூடு. வண்டியை கியரில் போட்டு இறக்கினால் அதில் பெரும்பங்கை இன்ஜின் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் ஏறக்குறைய மொத்தமும் சில நிமிடங்களுக்குள் சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் டிரம்முக்கும் அதை உள்ளிருந்து உரசிப் பிடிக்கிற லைனிங்குக்கும் போய்ச் சேரும். சூடு ஏற ஏற லைனிங்கின் பிடிப்பு குறையும். டிரம்மும் சூட்டில் விரிந்துகொடுக்கும். மிதி முழுசாக இறங்கியிருக்கும், வண்டி நிற்காது. அதற்கப்புறம் கியருக்குப் போகலாம் என்று பார்த்தால், அந்த வேகத்தில் லோடு வண்டியில் கியர் விழாது. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் இன்ஜினையே அணைத்துவிடுகிறார்கள். அப்போது பிரேக்குக்குக் காற்று அடைத்துக் கொடுக்கிற ஏர் கம்ப்ரசரும் நின்றுவிடும். மிதிக்க மிதிக்க டேங்கில் உள்ள காற்று குறைந்துகொண்டே வரும், பவர் ஸ்டீயரிங்கும் கல்லாக இறுகிவிடும்.

எங்கள் நண்பரின் பட்டறையில் அப்படி ஒரு இறக்கத்தைப் பார்த்த டிரம் ஒன்று கிடக்கிறது. உள்பக்கம் ஊதா படர்ந்திருக்கும். விரலை வைத்துத் தடவினால் மயிரிழை போல விரிசல்கள் குறுக்காக ஓடுவது தட்டுப்படும். அதோடு கழற்றிய லைனிங் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கிறது, இத்தனை நாள் கழித்தும் மூக்கருகே கொண்டுபோனால் தீய்ந்த வாடை வருகிறது. பாலிடெக்னிக் பையன்கள் புத்தகத்தில் படித்ததை அதைக் கையில் வாங்கிய பிறகுதான் நம்பினார்கள். உங்கள் கேமரா அதற்குப் பக்கத்தில் இரண்டு நிமிடம் நின்றால் போதும்.

டிரைவர்கள் தெரிந்தே ஏன் நியூட்ரலில் இறக்குகிறார்கள்? டீசல். நடைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கிற முதலாளிகள் உண்டு. மிச்சம் பிடித்தால் டிரைவருக்கு, கூடப் போனால் அவர் கையிலிருந்து. ஆகவே இறக்கத்தில் மிச்சம் பிடிக்கலாம் என்பது தலைமுறை தலைமுறையாகக் கிளீனருக்கு டிரைவர் சொல்லிக்கொடுத்த பாடம். அந்த மனிதர்களைக் குடிகாரர்கள், பொறுப்பில்லாதவர்கள் என்று ஒரே வார்த்தையில் முடிப்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. தூங்காமல் ஓட்டி வந்த ஒருவர் நான்கு காசு மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார். அவருக்கு யாரும் சொல்லாத செய்தி ஒன்று இருக்கிறது: கம்ப்யூட்டர் அளந்து டீசல் விடுகிற இப்போதைய 'காமன் ரெயில்' இன்ஜினில், வண்டி கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் போவது அடியோடு நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். அதாவது இப்படிப்பட்ட செங்குத்து இறக்கத்தில் மிச்சம் என்று நினைத்துச் செய்வது செலவு.

இதைத்தான் நீங்கள் படம் பிடித்துக் காட்ட வேண்டும். ஒரே மாடலில் இரண்டு லாரி, ஒரே லோடு. ஒன்று கியரில், புகைபோகும் வழியை அடைத்து இன்ஜினை இழுத்துப் பிடிக்கவைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கோடு இறங்கட்டும், இன்னொன்று நியூட்ரலில். இரண்டிலும் டீசல் மீட்டர் வையுங்கள், டிரம்மின் சூட்டை அளந்து பாருங்கள், டிரைவரின் காலுக்கு ஒரு கேமரா கொடுங்கள். சோதனையைத் தொப்பூரில் போக்குவரத்துக்கு நடுவில் செய்யவே வேண்டாம். வாகன நிறுவனங்களின் சோதனைத் தடங்களில், அல்லது மூடப்பட்ட சின்னச் சரிவில் பாதுகாப்பாகச் செய்துவிட்டு, பேச்சை மட்டும் இங்கே வந்து பதிவு செய்யுங்கள். எத்தனை எபிசோடுகளில் பூட் ஸ்பேஸையும் சன்ரூஃபையும் டச் ஸ்கிரீனின் அகலத்தையும் சொல்லியிருப்பீர்கள்! அதையும் ஆசையாகத்தான் பார்க்கிறோம், புது வண்டி வாங்குகிறவனுக்கு அது தேவைதான். ஆனால் அந்தப் புதுக் காரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு சேலம் போகிறவன், தனக்குப் பின்னால் வருகிற லாரி எந்த கியரில் வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இன்னொரு எபிசோடையும் சொல்லியாக வேண்டும். அதே 'டாப் கியர்' 2011 டிசம்பர் 28 அன்று இந்தியப் பயணத்தை ஒளிபரப்பியது. ஜாகுவார் காரின் பின்னால் கழிப்பறை பொருத்திக்கொண்டு ஊர் சுற்றினார்கள். அடுத்த மாதமே லண்டனிலுள்ள இந்தியத் தூதரகம் பிபிசிக்குப் புகார் எழுதியது. எங்கள் கூட்டத்திலும் கோபம் வந்தது. ஆனால் கழிப்பறையைவிட எங்கள் ஆட்களைச் சுட்டது வேறு. ஜாகுவாரை டாடா வாங்கி அப்போதே மூன்று ஆண்டு ஆகியிருந்தது, 2008-இல். வண்டி செய்கிற நாட்டுக்கு வந்தவர்கள், வண்டி செய்கிறவனையும் ஓட்டுகிறவனையும் பழுது பார்க்கிறவனையும் உட்காரவைத்துப் பேசியிருக்கலாமே என்ற ஆதங்கம். ஓசூரில் அசோக் லேலண்டிலும் டி.வி.எஸ்.ஸிலும் வேலை பார்க்கிற குடும்பங்கள் உள்ள ஊர் இது. போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் தயாராகிறது. லாரி பிறக்கிற ஓசூருக்கும் லாரி உருள்கிற தொப்பூருக்கும் நடுவில் இதே 44-ஆம் நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேர ஓட்டம்தான். வெள்ளைக்காரன் வந்து பேசவில்லை என்று குறைப்பட்ட நாங்கள், நம் மொழியில் நிகழ்ச்சி செய்கிற உங்களிடம் அதைக் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

யுங்காஸில் 2006 வாக்கில் மாற்றுச் சாலை திறந்த பிறகு பெரிய வண்டிகள் அந்தப் பக்கம் போய்விட்டன, பழைய சாலையில் இப்போது பெரும்பாலும் சைக்கிள்காரர்கள்தான். தொப்பூருக்கும் மேம்பாலச் சாலை வேண்டும் என்று இங்கே நெடுநாளாகக் கேட்கிறோம். அது வரட்டும், வரவேண்டும். ஆனால் பாலம் கட்டி முடிகிறவரை ராத்திரி லோடு வண்டிகள் இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

வருவதாக இருந்தால் மழைக்காலம் முடிந்து வாருங்கள், தை மாசி நல்ல சமயம். காவல்துறை அனுமதி வாங்குவது உங்கள் பொறுப்பு. டிரைவர்கள், மெக்கானிக்குகள், அந்த ஊதா பிடித்த டிரம், கழற்றிக் காட்ட ஒரு லாரியின் பின் ஆக்ஸில், எல்லாம் எங்கள் பொறுப்பு. பேசுகிற டிரைவர்களின் பெயரும் வண்டி எண்ணும் திரையில் வரக்கூடாது, முதலாளிகளோடு அவர்களுக்குச் சிக்கல் வரும். இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம். எபிசோடு தயாரானதும் ராத்திரி பதினொரு மணிக்கு மறு ஒளிபரப்பு ஒன்றும் போடுங்கள். சாப்பாட்டுக்கு நிறுத்துகிற டிரைவர்கள் டாபா டிவியில் பார்க்கிற நேரம் அதுதான்.

அன்புடன்,
கிருஷ்ணகிரி, தருமபுரி வண்டிப் பிரியர்கள் சார்பில் ஒருவன்