தெரிந்த சொல்தான் ஏமாற்றுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு மருத்துவப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவள் நான். வாயில் நுழையாத நோய்ப் பெயர்களுக்கெல்லாம் பொறுமையாக விளக்கம் தருகிறீர்கள். ஆனால், தெரியாத சொல் என்றால் யாரிடமாவது அர்த்தம் கேட்டுவிடுவோம். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் சொல்லைத்தான் யாரும் கேட்பதில்லை.

போன மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல். டாக்டர் எழுதிய சீட்டில் பாராசிட்டமால் 650-க்குப் பக்கத்தில் 'எஸ்.ஓ.எஸ்.' என்று இருந்தது. கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சித்தப்பா அதைப் பார்த்ததும் முகம் வெளிறிப் போனார். நடுக்கடலில் ஆபத்து என்றால் அனுப்பும் சைகை அல்லவா! அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோவே வந்துவிட்டது. மருந்துக்கடைத் தம்பிதான் சிரித்துக்கொண்டு சொன்னார்: "அக்கா, தேவைப்பட்டா மட்டும் போடணும், அவ்வளவுதான்." 'தேவைப்பட்டால்' என்பதற்கான லத்தீன் தொடரின் சுருக்கமாம் அது. பி.டி. என்றால் தினம் இரண்டு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை, எச்.எஸ். என்றால் படுக்கப் போகும்போது. இவையும் லத்தீன்தான். எங்கள் தெரு மருந்துக்கடைக்கும் ரோமாபுரிக்கும் என்ன உறவோ! காலை ஒன்று, மதியம் வேண்டாம், இரவு ஒன்று என்பதை 1-0-1 என்று எழுதும் டாக்டர்களுக்குக் கோடிப் புண்ணியம்.

பக்கத்து வீட்டுக்காரரின் டிஸ்சார்ஜ் சீட்டில் 'அக்யூட்' என்று பார்த்துவிட்டு அவர் மகள் அழுதே விட்டாள். அவருக்கு வந்தது வெறும் வயிற்றுப்போக்கு. மருத்துவத்தில் அக்யூட் என்றால் திடீரென்று வந்தது, க்ரானிக் என்றால் நாள்பட்டது. நாமோ 'க்ரானிக் கேஸ்' என்றாலே தேறாத கேஸ் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

சரி, இதையெல்லாம் சிரித்துவிட்டு மறந்துவிடலாம். மாரடைப்பு அப்படியல்ல. அதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. யார் திடீரென்று சுருண்டு விழுந்து இறந்தாலும் பத்திரிகைகளில் 'மாரடைப்பால் மரணம்' என்றுதான் வருகிறது. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவதுதான் மாரடைப்பு. அது வந்தவர் பெரும்பாலும் நினைவோடு இருப்பார், நெஞ்சு வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வார். இதயம் துடிப்பதே நின்றுபோவது வேறு. மாரடைப்பாலும் அப்படி ஆகலாம், வேறு காரணங்களாலும் ஆகலாம். அந்த ஆள் பேச்சுமூச்சில்லாமல் கிடப்பார். அவரை அப்படியே காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடக் கூடாது. ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் அந்த இடத்திலேயே நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், எப்போது எதைச் செய்வது என்று ஜனங்களுக்கு எப்படிப் புரியும்? போதாக்குறைக்கு 'ஹார்ட் ஸ்ட்ரோக்' என்று வேறு பேசிக்கொள்கிறார்கள். ஸ்ட்ரோக் மூளைக்கு வருவது, நாம் பக்கவாதம் என்கிறோமே, அது.

மருத்துவர் சொல்லாதவரை மாரடைப்பு என்று போடாதீர்கள். 'மயங்கி விழுந்து இறந்தார்' என்றே எழுதுங்கள், செய்தி ஒன்றும் குறைந்துவிடாது.

அப்புறம், மருத்துவப் பக்கத்தின் மூலையில் வாரம் ஒரு சொல்லுக்குச் சின்னக் கட்டம் ஒதுக்க முடியுமா? முதல் வாரம் எஸ்.ஓ.எஸ். போடுங்கள். சித்தப்பா இன்னும் மருந்துக்கடைத் தம்பியை நம்பவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தூத்துக்குடி