தனி ஜெட் ஓட்டத் தனி லைசென்ஸ் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நெல்லைப் பதிப்பின் கல்வி வழிகாட்டிப் பகுதியில், ஏர்லைன்ஸ் பைலட்டுக்கு ஒரு லைசென்ஸ், தொழிலதிபர்களின் தனி விமானம் ஓட்டுகிறவருக்கு வேறு லைசென்ஸ் என்ற பொருளில் ஒரு பதில் வந்திருந்தது. அது தவறு. 2025 ஜூலையில் வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்தில் புது முனையம் திறந்து, 1,350 மீட்டர் ஓடுதளத்தை 3,115 மீட்டராக நீட்டிய பிறகு நம் பக்கம் பிள்ளையை பைலட் ஆக்கும் ஆசை கூடியிருக்கிறது. பயிற்சிச் செலவு அரைக் கோடியைத் தொடுகிறது. ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் வங்கி சொத்து ஜாமீன் கேட்கும். தாமிரபரணிப் பாசனத்து வயலை அடமானம் வைக்கப் போகிறவர்களுக்கு இந்த விவரம் சரியாகப் போய்ச் சேர வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

இந்தியாவில் சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் எவருக்கும் அடிப்படை ஒன்றே. மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ கொடுக்கும் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், அதாவது சிபிஎல். வயது 18 ஆகியிருக்க வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். காமர்ஸ் படித்தவர்கள் அந்த இரண்டு பாடத்தைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் எழுதிக்கொள்கிறார்கள். முதல் வகுப்பு மருத்துவச் சான்று, நேவிகேஷன், வானிலை, விதிமுறைகள், டெக்னிக்கல் என ஒவ்வொரு தாளிலும் 70 சதவீதம், ரேடியோ டெலிபோனித் தேர்வு, பிறகு 200 மணி நேரப் பறத்தல். அந்த 200-இல் 100 மணி தானே பொறுப்பு விமானியாகப் பறந்ததாக இருக்க வேண்டும். அதில் 20 மணி நிலையம் விட்டு நிலையம் போனதாகவும், ஒரு பயணமாவது 300 கடல் மைலுக்குக் குறையாமல், இரண்டு வெவ்வேறு நிலையங்களில் இறங்கி முழுதாக நின்று கிளம்பியதாகவும் லாக் புக்கில் பதிவாகியிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் படித்துத் திரும்பும் பிள்ளைகள் இடறுவது இங்கேதான். அங்கே அங்கீகரித்த பாடத்திட்டப் பள்ளியில் 190 மணியிலேயே கமர்ஷியல் லைசென்ஸ் கைக்கு வந்துவிடும். இங்கே மாற்றக் கொடுத்தால் பத்து மணி குறைகிறது என்று கோப்பு திரும்பும். அந்தப் பத்து மணியை இங்கே வரிசையில் நின்று பறக்கிறார்கள். போதாக்குறைக்கு, இந்திய விதிமுறைத் தேர்வையும் நேவிகேஷனும் வானிலையும் சேர்ந்த தாளையும் எழுதித் தேற வேண்டும். இன்னொரு கண்ணி: விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து ஆண்டுக்குள் பறந்த மணிகள்தான் கணக்கில் சேரும். பணம் தட்டுப்பட்டு நடுவில் நிறுத்தியவர்களின் பழைய மணிகள் இப்படித்தான் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோகின்றன.

ஆகவே சிபிஎல் வாங்கும்வரை ஏர்லைன்ஸ் என்றும் கார்ப்பரேட் என்றும் பாதை பிரிவதே இல்லை. பிரிவது அதற்குப் பிறகு, விமானத்தின் எடையை வைத்து. சிபிஎல் மட்டும் உள்ளவர் 5,700 கிலோவுக்கு மேற்படாத விமானத்துக்குத்தான் கேப்டனாக இருக்கலாம். பெரிய விமானத்தில் கோ-பைலட்டாக உட்காரத் தடையில்லை. தொழில் நிறுவனங்கள் பரவலாக வைத்திருக்கும் கிங் ஏர் பி200-இன் அதிகபட்ச எடை 5,670 கிலோ. முப்பது கிலோ வித்தியாசத்தில் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறது. ஆனால் ஃபால்கன், சேலஞ்சர், கல்ஃப்ஸ்ட்ரீம் போன்ற ஜெட்டுக்குக் கேப்டன் ஆக, ஏர்பஸ் கேப்டனுக்கு வேண்டிய அதே ஏடிபிஎல், அதாவது ஏர்லைன் டிரான்ஸ்போர்ட் பைலட் லைசென்ஸ்தான் வேண்டும்: 21 வயது, 1,500 மணி, மறுபடி எழுத்துத் தேர்வுகள். முதலாளி ஒருவரே பயணி என்பதற்காக விதியில் சலுகை கிடையாது.

அந்த 1,500-ஐச் சேர்ப்பதில்தான் இரண்டு வேலைக்கும் பெரிய வேறுபாடு. ஏர்லைன்ஸ் கோ-பைலட் ஆண்டுக்கு 700, 800 மணி பறந்துவிடுவார். சட்டப்படி உச்ச வரம்பு 1,000. தனி விமானத்தில் ஆண்டுக்கு 300 மணி பறந்தாலே நல்ல ஓட்டம். ஏர்லைன்ஸில் இரண்டு ஆண்டில் தொடும் எண்ணை இங்கே தொட நாலைந்து ஆண்டு ஆகலாம்.

யூடியூபில் அமெரிக்க விமானிகள் "முதலில் சார்ட்டர் (வாடகை விமானம்), கார்ப்பரேட் என்று மணி சேர்த்துக்கொண்டு பிறகு ஏர்லைன்ஸுக்குப் போ" என்று சொல்வதைக் கேட்டு நம் பிள்ளைகளும் அதையே திட்டமாக வைத்திருக்கிறார்கள். அது அந்த ஊர் விதிக்குச் சொன்னது. 2009-இல் பஃபலோ அருகே நடந்த விமான விபத்துக்குப் பிறகு, 2013 முதல் அங்கே ஏர்லைன்ஸில் கோ-பைலட்டாகச் சேரவே பொதுவாக 1,500 மணி வேண்டும். அதனால் சின்ன வேலைகள் அங்கே ஏணிப்படி. இங்கே 200 மணி சிபிஎல்லோடு நேராக ஏர்பஸ் ஏ320-இன் வலது இருக்கைக்கு, அதாவது கோ-பைலட் இருக்கைக்குப் போகலாம். சார்ட்டர் கம்பெனிகளோ அனுபவம் உள்ளவர்களையும் விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்றவர்களையும்தான் பெரும்பாலும் தேடுகின்றன. நம் நாட்டில் ஏணி தலைகீழாக நிற்கிறது என்றே சொல்லலாம்.

வேலையின் தன்மையைச் சொன்னால், அரசு பஸ் டிரைவருக்கும் முதலாளி வீட்டுக் கார் டிரைவருக்கும் உள்ள வித்தியாசம்தான். ஏர்லைன்ஸ் விமானிக்கு ரோஸ்டர், அதாவது முன்கூட்டிப் போட்ட பணி அட்டவணை உண்டு. விமானத் திட்டம், எரிபொருள், பயணிகளின் சாமான் எல்லாவற்றையும் கவனிக்கத் தனித்தனி ஆட்கள் உண்டு. தனி விமானத்தில் பாதி வேலை விமானிகள் தலையில். விமானத் திட்டம் தாக்கல் செய்வது, வான் பாதுகாப்பு அனுமதி எண் வந்துவிட்டதா என்று பார்ப்பது, எரிபொருள் லாரிக்குச் சொல்வது, நிறுத்த இடம் கேட்பது, பெட்டியை ஏற்றுவது, சமயத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் வந்ததா என்பது வரை.

ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாளி குடும்பத்தோடு காலையில் வாகைக்குளத்தில் இறங்கி, திருச்செந்தூரில் தரிசனம் முடித்து மதியம் இரண்டு மணிக்குத் திரும்புவதாகத் திட்டம். கோயிலில் கூட்டம், பிறகு உறவுக்காரர் வீட்டு விருந்து, திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. அதற்குள் விமானிகளின் பணி நேரம் விளிம்புக்கு வந்திருக்கும், ஏனென்றால் காத்திருப்பும் பணிதான். நிலையம் இயங்கும் நேரம் தாண்டுமானால் நீட்டிப்பு கேட்டிருக்க வேண்டும். ஐப்பசி மாதம் என்றால் மேற்கே இடி மேகம் கட்டியிருக்கும். இந்த நிலையில் "ஐயா, இன்று கிளம்ப முடியாது, காலையில் போகலாம்" என்று சம்பளம் கொடுப்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்தான் கார்ப்பரேட் விமானி. ஏர்லைன்ஸில் இதைச் சொல்ல நிறுவன விதியும் சக விமானிகளும் பின்னால் நிற்பார்கள். இங்கே இரண்டு பேர்தான். அந்த இரண்டு பேரில் ஒருவர் வேலைக்குப் புதிது என்றால் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள்.

அதற்காக ஏர்லைன்ஸ் வேலை சொகுசு என்று யாரும் எண்ண வேண்டாம். வாராந்திர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கிய புது விதியையும், இரவில் இறங்கும் எண்ணிக்கையைக் குறைத்த விதியையும் அமலாக்கிய பிறகுதான், 2025 டிசம்பரில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. அதுவரை ஆட்கள் எவ்வளவு இழுத்துப் பிடித்து ஓட்டப்பட்டார்கள் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சம்பளத்துக்கு வருவோம். ஏர்லைன்ஸில் குறிப்பிட்ட மணி வரை நிலையான தொகை, அதற்கு மேல் பறக்கும் மணிக்கு இவ்வளவு, வெளியூரில் தங்கினால் படி என்று கணக்கு. புதிய கோ-பைலட்டுக்கு மாதம் சுமார் ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம். கேப்டன் ஆனால் ஐந்து லட்சத்தைத் தாண்டும். உடம்பு சரியில்லாமல் ஒரு மாதம் பறக்காவிட்டால் மணிப் பணம் விழுந்துவிடும். தனி விமானத்தில் பெரும்பாலும் மாதம் இவ்வளவு என்று பேசிக்கொள்வதுதான். பறந்தாலும் பறக்காவிட்டாலும் அதே தொகை. பேரம் பேசத் தெரிந்தவருக்கு லாபம். அமெரிக்காவில் இடைவெளி பெரிது: 2024 மே மாத அரசுக் கணக்குப்படி ஏர்லைன்ஸ் விமானிகளின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 2,26,600 டாலர், சார்ட்டர் போன்ற பிற வணிக விமானிகளுக்கு 1,22,670 டாலர்.

சம்பள எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் கேட்க மறக்கும் கேள்வி, மருத்துவச் சான்று போய்விட்டால் என்ன ஆகும் என்பது. லைசென்ஸ் இழப்புக் காப்பீடு நிறுவனம் எடுத்துத் தருகிறதா, எவ்வளவுக்கு என்று நியமனக் கடிதத்திலேயே பார்க்க வேண்டும். சின்ன கம்பெனிகளில் இது இல்லாமலே போகலாம். அடுத்து பாண்டு: டைப் ரேட்டிங், அதாவது குறிப்பிட்ட ஒரு விமான ரகத்தை ஓட்டும் தகுதி பெறும் செலவை கம்பெனி ஏற்றால் இத்தனை ஆண்டு இருக்க வேண்டும் என்று எழுதி வாங்குவார்கள். ஏர்லைன்ஸில் விலக, 2017 விதிப்படி கோ-பைலட்டுக்கு ஆறு மாதம், கேப்டனுக்கு ஒரு ஆண்டு முன்னறிவிப்பு. நிலைத்திருப்பதைப் பற்றிச் சொன்னால், கிங்ஃபிஷர், ஜெட் ஏர்வேஸ், கோ ஃபர்ஸ்ட் எல்லாம் நம் கண் முன் நின்றுபோனவைதான். தனி விமானத்தில் முதலாளி விமானத்தை விற்றாலே போதும்.

எல்லாவற்றையும்விடப் பணம் கரைவது டைப் ரேட்டிங்கில். ஏ320 ரேட்டிங் இருந்தால் போயிங் 737 ஓட்ட முடியாது. கிங் ஏர் ரேட்டிங் இரண்டுக்குமே உதவாது. வேலை கிடைக்கும் முன்னே பதினைந்து, இருபது லட்சம் கொடுத்து ஏ320 ரேட்டிங் வாங்கி வைத்துக்கொண்டு, அழைப்பு வராமல் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. ரேட்டிங் சும்மா இருந்தால் செத்துப்போகும். உயிர்ப்பிக்க மறுபடி சிமுலேட்டர், மறுபடி சோதனை, மறுபடி லட்சங்கள். எந்த நிறுவனம் எந்த விமானத்துக்கு எடுக்கிறது என்ற கடிதம் கையில் இல்லாமல் ரேட்டிங் வாங்கவே கூடாது.

பணம் கட்டும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பயிற்சி தொடங்கத் தேவையான இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றோடு நின்றுவிடாமல் முதல் வகுப்பையும் முடித்துவிடுங்கள். பெங்களூரில் விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனத்தில் செய்கிறார்கள். கண்ணாடி போட்டிருப்பது பெரும்பாலும் தடையல்ல, நிறக்குருடு தடையாகலாம். பிறகு பள்ளி. டிஜிசிஏ 2025 அக்டோபரிலிருந்து பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தி வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். நேரில் போய், மொத்தம் எத்தனை விமானம் என்று கேட்காமல், இன்று பறக்கும் நிலையில் எத்தனை, மாணவர் எத்தனை பேர், சென்ற மாதம் ஒரு மாணவர் சராசரி எத்தனை மணி பறந்தார் என்று கேளுங்கள். மாதம் பத்து மணிதான் என்றால் 200 மணிக்கு இருபது மாதம். விளம்பரத்தில் போட்ட ஓராண்டு நடக்காது. மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கேட்கும் பள்ளியில், பறந்த மணிக்கு ஏற்பத் தவணையாகத்தான் கட்டுவோம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கோவில்பட்டியில் பயிற்சிப் பள்ளி வரும் என்ற பேச்சு இருக்கிறது. வந்தாலும் இதே கேள்விகளைக் கேட்டுவிட்டே சேர்க்க வேண்டும்.

வழிகாட்டிப் பகுதியில் வந்த பதிலுக்குத் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
விமானப் பயிற்றுநர் ஒருவர்,
பாளையங்கோட்டை.