மூன்று வீட்டுக்கும் ஒரே கலவை ஆகாது

பெங்களூரு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நலம். உன் நலமும் மருமகள், குழந்தை நலமும் அறிய ஆவல்.

நீ அனுப்பிய மதிப்பீட்டுத் தாளை நிதானமாகப் படித்தேன். அல்சூரில் உள்ள தாத்தா வீடு, லிங்கராஜபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் இந்த வீடு, ஒயிட்ஃபீல்டில் நீ வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் அடுக்குமாடி வீடு ஆகிய மூன்றின் பழுது வேலையையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டால், இந்த வயதில் எங்களுக்கு அலைச்சல் இராது என்று எண்ணியிருக்கிறாய். அந்த எண்ணம் எனக்கு மகிழ்ச்சியே தருகிறது. ஆனால் அந்தத் தாளில் மூன்று வீடுகளுக்கும் ஒரே வேலைதான் எழுதப்பட்டிருக்கிறது: பழைய பூச்சைக் கொத்தி எடுப்பது, சிமெண்டால் புதிதாகப் பூசுவது, அதன்மேல் நீர் புகாத ரசாயனத்தை அடிப்பது. சுவர் எதனால் கட்டப்பட்டது, ஈரம் எங்கிருந்து வருகிறது, விரிசல் ஏன் விழுந்தது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பரப்பளவும் சதுர அடி விலையும் மட்டுமே இருக்கின்றன. மூன்று வீடுகளும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பொருள்களால் எழுப்பப்பட்டவை. ஆகவே இந்த வேலைக்கு நான் சம்மதிக்க மாட்டேன். பாலிடெக்னிக்கில் கட்டடவியல் கற்பித்த நாள்களில் பிள்ளைகளுக்கு நான் மிகவும் வற்புறுத்திச் சொன்ன பாடம் இது என்பதால், உனக்கும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தாத்தா வீடு. அது 1930களில் எழுந்தது. கருங்கல் அஸ்திவாரம், ஒன்றரை நாட்டுச் செங்கல் கனமுள்ள சுவர், தேக்கு உத்தரங்களின்மேல் சிறு செங்கற்களை நிற்க வைத்துச் சாய்வரிசையில் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை, இவை அனைத்தையும் பிடித்து நிறுத்துவது சுண்ணாம்புச் சாந்து. நம் நாட்டில் சிமெண்ட் உற்பத்தி 1914இல் போர்பந்தரில்தான் வேரூன்றியது. அதன் பிறகும் நெடுங்காலம் கொத்தனார்களின் கை சுண்ணாம்பையே அறிந்திருந்தது. 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையும், 1911இல் தொடங்கி 1930களின் தொடக்கத்தில் முடிந்த கிருஷ்ணராஜ சாகர் அணையும், சுண்ணாம்பும் சுர்க்கி எனப்படும் செங்கல் தூளும் சேர்ந்த சாந்தால் கட்டப்பட்டவை. சுண்ணாம்புக்கு வலு இல்லை என்று அந்த நிறுவனத்தார் உன்னிடம் சொன்னதை நீ நம்ப வேண்டாம்.

சுண்ணாம்பு, காற்றில் உள்ள கரியமில வாயுவை உள்வாங்கி மெல்ல மெல்ல இறுகும். இறுகிய பிறகும் அது செங்கல்லைவிட மென்மையாகவே இருக்கும். நீராவியைத் தன் வழியே வெளியே விடும். தாத்தா வீட்டுக் காலத்தில் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் படை போடும் வழக்கம் பரவலாக இல்லை. மண்ணின் ஈரம் கல் வழியாகவும் செங்கல் வழியாகவும் மேலேறி, இணைப்புச் சாந்தின் வழியாகவும் சுண்ணாம்புப் பூச்சின் வழியாகவும் ஆவியாகிக்கொண்டே இருந்ததால்தான் அந்தச் சுவர்கள் இத்தனை ஆண்டுகள் உலர்ந்து நின்றன. அதன்மேல் அழுத்தமான சிமெண்ட் பூச்சைப் பூசினால், ஈரம் வருவது நிற்காது. அது வெளியேறும் வழி மட்டுமே அடைபடும். பின்னர் அந்த ஈரம் பூச்சுக்குப் பின்னால் தங்கி, செங்கல்லின் உப்பைக் கரைத்து, எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். உப்பு பூத்த இடத்தில் செங்கல்லின் முகம் பொரிந்து உதிரும்.

இதற்குச் சான்று அந்த வீட்டிலேயே இருக்கிறது. மேற்கு அறையில், முன்பு குடியிருந்தவர்கள் சுவரின் அடிப்பாகத்தில் மூன்றடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசிவிட்டுப் போனார்கள். இப்போது அந்தப் பூச்சுக்கு மேலே, முன்பு உலர்ந்திருந்த பகுதியில், ஈரக்கோடு ஏறி நிற்கிறது. விரல் நகத்தால் கீறினால் அங்கே செங்கல் மாவாக உதிர்கிறது. அந்த மூன்றடியை வீடு முழுவதும் பூசுவதற்குத்தான் நீ அனுப்பிய தாளில் பெருந்தொகை கேட்டிருக்கிறார்கள்.

அங்கே செய்ய வேண்டியது வேறு. சிமெண்ட் பூச்சையும், அதற்கு மேலே ஈரக்கோட்டுக்கு ஓரடி மேல்வரை உள்ள பூச்சையும், செங்கல் உடையாதபடி சிற்றுளியால் எடுக்க வேண்டும். பிறகு சுவரைத் திறந்த நிலையிலேயே சில வாரங்கள் உலர விட வேண்டும். எல்லோரும் பொறுமை இழப்பது இந்த இடத்தில்தான். வெளியே பூக்கும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் அது மீண்டும் கரைந்து உள்ளே போகும். ஆகவே உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்து அள்ள வேண்டும். இணைப்புகளில் உதிர்ந்துபோன சாந்தை, இணைப்பின் அகலத்தைப் போல் இரு மடங்கு ஆழத்துக்குச் சுரண்டி, தூசியை நீக்கி, நனைத்து, சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணலும் சுர்க்கியும் சேர்ந்து இரண்டரை அல்லது மூன்று பங்கு என்ற கலவையால் அடைக்க வேண்டும். பூச்சையும் மெல்லிய படைகளாக, ஒன்று இறுகிய பிறகே மற்றொன்றாக ஏற்ற வேண்டும். புதுப் பூச்சு வெயிலில் சட்டென்று காய்ந்தால் தூளாகிவிடும் என்பதால், ஈரச்சாக்கு கட்டி வைக்க வேண்டும். தாத்தா காலத்தில் கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லத்தையும் சாந்தில் சேர்த்தார்கள். நம் வேலைக்கு அது கட்டாயமில்லை. நன்றாக நீற்றி, வடிகட்டி, ஊற வைத்த சுண்ணாம்பு கிடைத்தாலே போதும்.

மெட்ராஸ் டெரஸ் கூரைமேல் கான்கிரீட் போடலாம் என்று தாளில் எழுதியிருப்பதுதான் என்னை மிகவும் அச்சுறுத்துகிறது. நான்கு அங்குலக் கான்கிரீட் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 250 கிலோ எடையுள்ளது. அந்தச் சுமையைத் தேக்கு உத்தரங்களின்மேல் ஏற்றுவதற்கு முன், சுவருக்குள் செருகியிருக்கும் உத்தர முனைகள் ஈரத்தில் உளுத்திருக்கின்றனவா என்று எவரும் குத்திப் பார்க்கவில்லை. கூரை ஒழுகுவதற்குக் காரணமோ வேறு. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று ஒன்று வேர்விட்டிருக்கிறது. மழைநீர்க் குழாயின் வாய் இலைச் சருகால் அடைபட்டிருக்கிறது. அதைச் சுற்றித் தட்டோடுகளின் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. கன்றை வேரோடு எடுத்து, குழாயைத் திறந்து, தட்டோட்டு இணைப்புகளைச் சுண்ணாம்பால் மறுபடி அடைத்து, தண்ணீர் ஓட்டத்துக்கு வாட்டம் சரி செய்தால் கூரை இன்னும் பல்லாண்டு நிற்கும்.

பக்கத்து மனையில் நிலத்துக்குக் கீழும் ஒரு தளத்தோடு புதுக்கட்டடம் வரப்போகிறது என்றும் கேள்விப்பட்டேன். தாத்தா வீட்டுக் கல் அஸ்திவாரம் ஆழம் குறைந்தது. அவர்கள் அதைவிடக் கீழே தோண்டினால் நம் சுவரடி மண் நெகிழும். அவர்கள் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே, ஒவ்வொரு விரிசலின் குறுக்கேயும் மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்தால் ஒட்டி, தேதி எழுதி, புகைப்படம் எடுத்து வைக்க எண்ணியிருக்கிறேன். கண்ணாடி உடைந்தால் சுவர் அசைகிறது என்று பொருள். அப்போது பூச்சு வேலையை நிறுத்திவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரைத்தான் அழைக்க வேண்டும். தோண்டும் பக்கத்தில் மண் சரியாதபடி தடுப்பு அமைக்குமாறு அந்த வீட்டாரிடம் எழுத்து மூலம் கேட்கவும் போகிறேன்.

நாங்கள் குடியிருக்கும் இந்த வீடு 1980களில் கட்டியது. சிமெண்ட் கலவைச் செங்கல் சுவரும் கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் கொண்டது. இங்கே சிமெண்ட் பூசலாம், தவறில்லை. ஆனால் இங்கே நோய் பூச்சில் இல்லை. கீழ்த்தளத்துச் சமையலறைக் கூரையில், மாடிக் குளியலறைக்கு நேர் கீழே, கான்கிரீட் சில்லுகளாக விழுந்து கம்பி தெரிகிறது. புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல, காற்றின் கரியமில வாயு உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தைத் தணித்துவிடும். ஈரமும் சேர்ந்தால் கம்பி துருவேறும். துரு, கம்பி இருந்த இடத்தைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், மேலிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். அதன்மேல் கலவையைப் பூசிப் புட்டி வைத்துப் பெயிண்ட் அடித்தால் பார்வைக்கு அழகாக இருக்கும். உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருந்து, ஒரு நாள் பெரிய பாளமாக விழும். அந்தச் சமையலறையில் நாள் முழுவதும் நிற்பவள் நான்.

ஆகவே முதலில் குளியலறைத் தளத்தின் வடிகாலை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மட்டத்தைக் குறித்து வைத்து, ஒரு நாள் முழுவதும் விட்டுப் பார்க்க வேண்டும். மட்டம் இறங்கினால் தளத்தில் கசிவு. இறங்காமலே கீழே ஈரம் பரவினால் குழாயில் கசிவு. அதைச் சரி செய்த பிறகுதான் கூரையைத் தொட வேண்டும். தொடுவதற்கு முன் தளத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். சுத்தியால் தட்டிப் பார்த்து, பொள்ளலாக ஒலிக்கும் கான்கிரீட் முழுவதையும், கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும் அளவுக்கு, எடுத்துவிட வேண்டும். கம்பியைத் துரு போகத் தேய்த்து, கனம் மிகவும் குறைந்திருந்தால் பக்கத்தில் புதுக்கம்பி சேர்த்துக் கட்டி, துருத்தடுப்புப் பூச்சு பூசி, பாலிமர் கலந்த சாந்தால் நிரப்பி, ஈரம் காட்டி ஆற்ற வேண்டும். இந்த வேலைக்கு மட்டும் நிறுவனம் தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன்; தனிக் கொத்தனாரிடம் இதற்கான கருவிகள் இருப்பது அரிது. அவர்களிடமே இந்த ஒரு பகுதிக்குத் தனி மதிப்பீடு கேள். அதில் எந்தப் பொருள், எத்தனை படை, எத்தனை நாள் தண்ணீர் காட்டுவது என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்க வேண்டும். தொகையில் பத்தில் ஒரு பங்கை அடுத்த மழைக்காலம் கழிந்த பிறகே தருவதாகவும் எழுத வேண்டும். இதற்கு அவர்கள் இணங்காவிட்டால் வேறு நிறுவனத்தைப் பார்ப்போம்.

ஒயிட்ஃபீல்ட் வீட்டைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. கான்கிரீட் தூணும் பிளாக் சுவரும் சேரும் கோட்டில் மேலிருந்து கீழாக நேர் விரிசல் விழுந்திருக்கிறது. தூணும் பிளாக்கும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. பூசும்போது அந்த இணைப்பில் கோழிவலை அடிக்காமல் விட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு ஆபத்து ஏதும் இல்லை. அந்த விரிசலைச் சரி செய்ய நீ ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கவும் வேண்டாம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ தெரியவரும் குறையைக் கட்டியவரே, முறையிட்ட 30 நாளுக்குள், கட்டணமின்றிச் சரி செய்து தர வேண்டும். உனக்கு இன்னும் அந்தக் காலம் முடியவில்லை. வேறு ஆள்களை விட்டுக் கொத்திவிட்டால், அவர்கள் தொட்டதால்தான் கெட்டது என்று கட்டியவர் கைகழுவ வழி கிடைத்துவிடும்.

தாத்தா வீட்டுச் சுண்ணாம்பு வேலையைச் சதுர அடிக் கணக்கில் கொடுக்கக் கூடாது. நாள்கூலிக்குத்தான் கொடுக்க வேண்டும். சதுர அடிக்குக் கூலி என்றால், உலர விட வேண்டிய நாள்கள் வேலை செய்பவருக்கு இழப்பாகின்றன. அவர் அவசரப்படுவதில் குற்றம் சொல்ல முடியாது. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து அல்சூரிலேயே தங்கிவிட்ட முதிய கொத்தனார் ஒருவரைப் பார்த்துப் பேசினேன். மேற்கு அறைச் சுவரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்கு சிமெண்ட் ஆகாதும்மா" என்று நான் கேட்பதற்கு முன்பே சொன்னார். மூட்டை மூட்டையாகச் சிமெண்ட் விற்கும் இந்தக் காலத்திலும் அந்த அறிவைக் கையில் வைத்திருப்பவருக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்க விரும்புகிறேன். அவரோடு வரும் சித்தாள் பெண்களுக்கும் அன்றன்றைக்கே கூலியைத் தந்துவிடுவோம்.

ஐப்பசி மழை ஓய்ந்து, கார்த்திகைக் கடைசியில் தொடங்கினால், தை முடிவதற்குள் சுவர் வேலை முடிந்துவிடும். மார்கழியில் புதுமனை புக மாட்டார்களே தவிர, பழுது பார்க்கத் தடையில்லை. அந்த மாதங்களின் மிதமான வெயில் சுண்ணாம்புக்கு ஏற்றது, தண்ணீரும் கிடைக்கும். கோடையில் தொடங்கினால் ஈரம் காட்டத் தண்ணீர் இராது. 2024 கோடையில் இந்த ஊரில் குடிநீரைக் கட்டுமானத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று குடிநீர் வாரியம் தடை விதித்ததை நீ மறந்திருக்க மாட்டாய். கூரை வேலையை மட்டும், சித்திரையில் வரும் இடிமழைக்கு முன்பாக, மாசியில் முடித்துவிடலாம்.

நீ செய்ய வேண்டியவை இவை. ஒயிட்ஃபீல்ட் விரிசல்களின் படங்களைக் குடியிருப்பவரிடம் கேட்டு வாங்கி, கட்டியவருக்கு இந்த வாரமே மின்னஞ்சல் அனுப்பு. அந்த நிறுவனத்துக்கு, தாத்தா வீட்டு வேலை வேண்டாம் என்றும் சமையலறைக் கூரைக்கு மட்டும் புதிய மதிப்பீடு வேண்டும் என்றும் எழுது. முன்பணம் எதுவும் அனுப்பிவிடாதே. சுண்ணாம்பை நீற்றி ஊற வைக்கவே நாள் பிடிக்கும் என்பதால், உன் பதில் வந்ததும் கொத்தனாரைச் சுண்ணாம்பு வாங்கச் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா